நிலாப் பெண் குடியிருக்கும் தெரு

டோக்கியோ போய் வந்தேன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "புஜி மலை பார்த்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. அடுத்த கேள்வி, "புல்லட் ரயில்ல ஏறினீங்களா?" அதிலும் ஏறவில்லை. "அப்ப பதினெட்டு நாள் அங்க என்னதான் பண்ணினீங்க?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டே விட்டார். சொன்னால் சிரிப்பார்களே என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஒரு கார்ட்டூன் பெண் குடியிருந்த தெருவைப் பார்க்கப் போனேன்!

என் மூத்த பெண் நர்ஸிங் முடித்து, ஜப்பான் மொழியும் படித்து, 2024-ல் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனாள். டோக்கியோவை ஒட்டிய கவாகுச்சி என்ற ஊரில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அவள் சேர்த்து வைத்து அனுப்பிய டிக்கெட்டில்தான் 2025 அக்டோபரில் நான் போனேன். கொலுப் பொம்மைகளைப் பரணில் ஏற்றிய கையோடு விமானம் ஏறினேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாமியாரைப் பார்த்துக் கொள்ள என்னவர் வீட்டிலேயே இருந்து விட்டார்.

போன மூன்றாம் நாள் அவளுக்கு விடுமுறை. "அம்மா, நாளைக்கு உன்னை ஒரு இடத்துக்கு அழைச்சிட்டுப் போறேன். கோபிக்கக் கூடாது" என்றாள். "கோயிலா?" என்றேன். "கோயிலும் இருக்கு" என்றாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் புரிந்து விட்டது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், என் தம்பி கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்தாள். முட்டைக் கண், முழங்கால் வரை தொங்கும் இரட்டைச் சடை, அந்தச் சடையின் உச்சியில் இரண்டு உருண்டைக் கொண்டை, பள்ளிக்கூடச் சீருடை, நெற்றியில் பிறை. இப்படி ஒரு பெண். எந்நேரமும் அதையே வரைவாள். கோடு போடாத நோட்டு நான்கு நிறைய வரைந்து வைத்திருந்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கி வந்த அன்று, அந்த நான்கு நோட்டையும் எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்து விட்டேன். அவள் அழவில்லை. அடுத்த நாளிலிருந்து வரையவும் இல்லை. முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் எண்பத்தாறு வாங்கினாள். நான் செய்தது சரி என்றே ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன்.

கவாகுச்சியிலிருந்து ஒரே ரயில், நடுவில் மாற வேண்டியதில்லை. பூமிக்கு அடியிலேயே போய் அஸாபு ஜூபான் என்ற நிலையத்தில் இறங்கினோம். டோக்கியோவின் மினாட்டோ வட்டாரத்தில் இருக்கிறது. இந்த நிலையமே 2000-ஆம் ஆண்டில்தான் திறந்தார்களாம். அதற்கு முன் நடு நகரத்தில் இருந்தும் ரயில் எட்டாத இடம். அந்தக் காலத்தில்தான் கதையும் எழுதப்பட்டது. நகரும் படிக்கட்டு ஏறிக் கொண்டே இருக்கிறது, ஏறிக் கொண்டே இருக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக் கொண்டு நின்றேன்.

வெளியே வந்தால், எனக்கு ஏமாற்றம்தான்! டோக்கியோ என்றால் வானத்தை முட்டும் கட்டடங்கள் என்று நினைத்திருந்தேன். இது ஒரு கடைத்தெரு. செங்கல் பாவிய குறுகலான பாதை, இரண்டு பக்கமும் சின்னக் கடைகள், பழக்கடை, பூக்கடை, பாத்திரக்கடை, கூடை மாட்டிய சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று வைத்துக் கொண்டு போகும் இளம் அம்மாக்கள். கும்பகோணம் பெரிய கடைத்தெருவைக் கழுவித் துடைத்துச் சத்தத்தை எடுத்து விட்டால் இப்படி இருக்கும். தெரு முடியும் இடங்களில் திடீரென்று மேடு. மேட்டின் மேலெல்லாம் வெளிநாட்டுத் தூதரகங்கள். கட்டட இடுக்கில் பார்த்தால் ஆரஞ்சும் வெள்ளையுமாக டோக்கியோ டவர். 1958-ல் கட்டியது, 333 மீட்டர் உயரம்.

"இங்கதான்மா உசாகி வீடு. இந்தத் தெருவுலதான் லேட்டாயிடுச்சுன்னு அழுதுகிட்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவா" என்றாள் என் பெண். ஏதோ சித்தி மகளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பெயர் 'சேலர் மூன்'. ஜப்பானில் பள்ளிப் பெண்களின் சீருடை கப்பல் மாலுமியின் உடுப்பைப் பார்த்துத் தைத்தது. அதனால் அந்த 'சேலர்'. எழுதி வரைந்தவர் நவோகோ தாகேவுச்சி என்ற பெண்மணி. 1967-ல் கோஃபு என்ற ஊரில் பிறந்தவர். வேதியியல் படித்து, மருந்தாளர் உரிமமும் வாங்கியவர்! (இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. படமும் வரைந்திருக்கிறார், பரீட்சையும் பாஸ் பண்ணியிருக்கிறாரே!) சிறுமிகளுக்கான 'நாகயோஷி' என்ற மாத இதழில் 1991 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1997 வரை தொடராக வந்தது. என் அம்மா பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்து எடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்தாரே, அது போல அங்கேயும் மாதாமாதம் காத்திருந்து படித்திருக்கிறார்கள்.

உசாகிக்குப் பதினான்கு வயது. சோம்பேறி, அழுமூஞ்சி, தின்பண்டம் என்றால் உயிர், பரீட்சையில் கோட்டை விடுபவள். ஒரு நாள் நெற்றியில் பிறை உள்ள கறுப்புப் பூனை வந்து, "நீ சாதாரணப் பெண் இல்லை, உலகத்தைக் காக்க வேண்டியவள்" என்கிறது. போகப் போகத் தெரிகிறது, போன பிறவியில் அவள் நிலாவின் இளவரசி. பூமியின் இளவரசன் ஒருவனைக் காதலித்து, போர் வந்து, இரண்டு பேரும் மாண்டு, மறுபடி இந்தத் தெருவில் பிறந்து, ஒருவரை ஒருவர் தெரியாமல் சண்டை போட்டுக் கொண்டு திரிகிறார்கள். "இது விட்டகுறை தொட்டகுறை கதைதானே! இதை ஏண்டி அன்னைக்கே சொல்லலை?" என்றேன். "நீ கேட்டியா?" என்றாள். கேட்கவில்லைதான்.

அவளுக்குத் துணையாக நான்கு தோழிகள். ஒருத்தி படிப்பாளி, ஒருத்தி கோயிலில் சேவை செய்பவள், ஒருத்தி சமையல் கெட்டிக்காரி, ஆனால் அடிதடிக்கும் முதல் ஆள், இன்னொருத்தி புகழ் பெற்ற நட்சத்திரமாக ஆசைப்படுபவள். அதற்கு முன் மந்திரப் பெண் கதைகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெண்தான் வருவாளாம். ஐந்து பேரைச் சேர்த்துக் கூட்டாகச் சண்டை போட வைத்ததுதான் இவரது கைவண்ணம். உசாகியின் அப்பா, அம்மா, தம்பி பெயர்கள் எல்லாம் எழுத்தாளரின் சொந்த வீட்டாருடைய பெயர்கள். அம்மா பெயர் இகுகோ. கதையில் அந்த அம்மா மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மகளை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற ஆள். எனக்கு உடனே அவளைப் பிடித்து விட்டது.

இதைவிட வேடிக்கை, பாதிக் கதையில் ஒரு குட்டிப் பெண் வானத்திலிருந்து பொத்தென்று உசாகியின் தலை மேலேயே வந்து விழுகிறாள். யார் என்று பார்த்தால், முப்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த அவளுடைய மகள்! அங்கே ஆபத்தில் கிடக்கும் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். வந்த இடத்தில் அம்மாவே எட்டாம் வகுப்புப் படித்துக் கொண்டு தின்பண்டத்துக்கு இவளோடு சண்டை போடுகிறாள்.

டி.வி.யில் 1992 மார்ச்சில் ஆரம்பித்து 1997 பிப்ரவரி வரை இருநூறு பகுதிகள். 2014-ல் புதிதாக மறுபடி எடுத்தார்கள். என் பெண் முதலில் பார்த்தது அதைத்தான். 2021-லும் 2023-லும் சினிமாவாக வந்தது. உசாகிக்குக் குரல் கொடுத்தவர் 1992-லிருந்து 2023 வரை ஒரே பெண்மணி, கோதோனோ மிட்சுஇஷி. நடுவில் உடம்பு சரியில்லாத சில வாரம் மட்டும் வேறொருவர் பேசினாராம். ஐம்பத்தைந்து வயதில் பதினான்கு வயதுப் பெண்ணின் அழுகையை அழுதிருக்கிறார். 2016-ல் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமே, பால்வினை நோய்ப் பரிசோதனைக்குத் தயங்காமல் வாருங்கள் என்று இளம் பெண்களிடம் சொல்ல இந்த உசாகியைப் போஸ்டரில் போட்டது. டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் இவள் சொன்னால் கேட்பார்கள் போலிருக்கிறது.

கடைத்தெருவில் 'நானிவாயா' என்று ஒரு கடை. 1909-லிருந்து இருக்கிறது. மீன் வடிவ இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவில் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து, மூடித் திருப்பிச் சுடுகிறார்கள். பெயர் 'தாய்யாகி'. வடிவம்தான் மீன், உள்ளே மீனும் இல்லை கீனும் இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி அச்சு, நீளக் கைப்பிடி. ஆள் நின்று கொண்டு திருப்பித் திருப்பிப் போடுகிறார். தோல் முறுமுறு, பூரணம் அளவான இனிப்பு. தேங்காயும் ஏலக்காயும் போடாத கொழுக்கட்டைப் பூரணம் என்று நினைத்துக் கொள்ளுங்கள். பயற்றை முழுசாகக் குழைய விடாமல் பாதி மசித்திருந்தார்கள். அந்தப் பக்குவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வால் பக்கம் பூரணம் இருக்காது என்று அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள், அதிலும் இருந்தது!

கடைத்தெருவின் நடுவில் மரங்கள் சூழ்ந்த சின்னச் சதுக்கம். அங்கே ஓர் ஓரமாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு சிறுமியின் சிலை. இதுவும் அந்த கார்ட்டூனில் வருகிறவளோ என்று நினைத்துக் கிட்டே போனேன். என் பெண் பேச்சை நிறுத்தி விட்டாள்.

"இது வேறம்மா. இவ நிஜம்."

கிமி என்று பெயர். 1902-ல் பிறந்தவள். தாய் இளவயதில், தனியாக நின்று பெற்ற குழந்தை. வடக்கே ஹொக்கைடோவுக்குப் பிழைக்கப் போன தாய், அங்கே திருமணமாகிப் பண்ணை வேலைக்குப் போக வேண்டி வந்தபோது, மூன்று வயது மகளை அமெரிக்க மிஷனரித் தம்பதி ஒருவருக்குத் தத்துக் கொடுத்தாள். அவர்கள் ஊர் திரும்பும்போது மகளையும் கப்பலில் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய் விட்டார்கள் என்றே கடைசி வரை நம்பிக் கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது, கப்பலிலும் ஏற்ற முடியாது. இந்த அஸாபுவில் இருந்த அநாதைப் பெண்கள் விடுதியில் விட்டு விட்டுப் போனார்கள். 1911 செப்டம்பரில், ஒன்பது வயதில், அங்கேயே இறந்து போனாள். சிவப்புச் செருப்புப் போட்ட சிறுமி கப்பலேறிப் போனதாக ஒரு பாட்டு 1922-ல் வந்தது. உஜோ நோகுச்சி என்ற கவிஞர் எழுதியது. அவர் அந்தத் தாயின் கணவரோடு ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தவர். அதனால் இவளைப் பற்றித்தான் அந்தப் பாட்டு என்கிறார்கள். இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. 1970-களில்தான் இதெல்லாம் துருவித் தேடி வெளியே வந்தது. தாய் 1948-லேயே போய்ச் சேர்ந்து விட்டாள்.

"எங்க இல்லத்துல ஒரு பாட்டிம்மா இருக்காங்க. பேரு, ஊரு எல்லாம் மறந்து போச்சு. இந்தப் பாட்டு மட்டும் மறக்கலை. குளிப்பாட்டி விடும்போது பாடுவாங்க. என்ன பாட்டுன்னு மத்தவங்களைக் கேட்டப்பதான் இந்தக் கதையைச் சொன்னாங்க" என்றாள்.

சிலையை 1989-ல் வைத்தார்கள். வைத்த அன்று மாலையே யாரோ அதன் காலடியில் பதினெட்டு யென் போட்டு விட்டுப் போயிருந்தார்களாம். அன்று முதல் இன்று வரை காசு விழுந்து கொண்டே இருக்கிறது. அதைச் சேர்த்துக் கஷ்டப்படும் குழந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். நானும் பையில் துழாவி இருந்த சில்லறையைப் போட்டேன். அந்தச் சின்னக் கால்களைப் பார்த்ததும், எனக்கு என்னவோ போல் ஆகி விட்டது. அந்தத் தாய் முப்பத்தேழு வருஷம், "என் பெண் அமெரிக்காவில் நன்றாக இருக்கிறாள்" என்று நினைத்துக் கொண்டே சமைத்திருப்பாள், துவைத்திருப்பாள், அடுத்துப் பெற்ற பிள்ளைகளை வளர்த்திருப்பாள்...

"ஏம்மா அழற? அதான் நான் தினம் போன் பண்றேனே" என்றாள் என் பெண்.

போன் பண்ணுவாள். "சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன்." இந்த மூன்றும்தான் தினம் வரும். அவள் இடுப்பில் பெல்ட் கட்டிக் கொண்டு வேலைக்குப் போவதை, ஆட்களைத் தூக்கி உட்கார வைத்து முதுகு வலி வந்திருப்பதை, நான் நேரில் போய்த்தான் பார்த்தேன்.

அங்கிருந்து மேடு ஏறினோம். 'குராயாமி சாகா' என்று பெயர். இருட்டு மேடு என்று அர்த்தம். ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்து பகலிலேயே இருண்டு கிடக்குமாம். ஆஸ்திரியா தூதரகத்தைத் தாண்டி, மூச்சு வாங்க நின்று நின்று ஏறினால், மேலே அமைதியான குடியிருப்பு. உயரமான அடுக்குமாடிகளின் நிழலில் ஹிகாவா கோயில். இதுதான் கதையில் வரும் தோழி ரெய்யின் கோயில். ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார் எழுத்தாளர். நிஜக் கோயிலின் பெயரில் உள்ள எழுத்துக்குப் 'பனி ஆறு' என்று பொருள். கதையில் அதே உச்சரிப்புக்குத் 'தீ ஆறு'. ரெய்க்கு நெருப்புதான் சக்தி! எழுத்தாளரே மாணவியாக இருந்தபோது பக்கத்தில் ஷிபா தாய்ஜிங்கு என்ற கோயிலில் சேவைப் பெண்ணாக வேலை பார்த்தவராம். அதனால்தான் அந்த வெள்ளை மேலாடை, சிவப்புப் பாவாடை, துடைப்பத்தால் முற்றம் கூட்டுவது எல்லாம் அத்தனை இயல்பாக இருக்கிறது என்கிறாள் என் பெண்.

தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் மொண்டு கை கழுவி, வாய் கொப்பளித்து, சந்நிதி முன் இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டி, மறுபடி ஒரு தரம் குனிய வேண்டும். உண்டியலில் ஐந்து யென் போடுவது விசேஷம். நடுவில் ஓட்டை உள்ள மஞ்சள் காசு. ஐந்து யென் என்பதும், உறவு, தொடர்பு என்பதும் அவர்கள் வாயில் ஒன்று போல ஒலிக்கும், 'கோஎன்'. நான் போட்டேன். கை தட்டச் சொன்னால் கைதான் கூப்புகிறது, பழக்கம்!

ஓரத்தில் வேண்டுதல் பலகைகள் தொங்கின. நம் ஊரில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோமே, அது மாதிரி. சின்ன மரப்பலகையில் வேண்டுதலை எழுதிக் கட்டி விட்டுப் போகிறார்கள். புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் அந்த இரட்டைச் சடைக்காரி! வந்தவர்கள் அவரவர் கைப்பட வரைந்தது. ஆங்கிலத்தில், சீன மொழியில், இன்னும் எனக்குத் தெரியாத எழுத்துகளில். உலகம் பூராவிலுமிருந்து வந்திருக்கிறார்கள்.

என் பெண்ணும் ஒன்று வாங்கினாள். பேனாவை வைத்துக் கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு, ஒரே இழுப்பில் அந்த வட்ட முகம், அந்தக் கொண்டை, அந்தச் சடை. பலகையின் ஓரம் வரை ஓடி வளைந்து விட்டது கோடு. கை மறக்கவே இல்லை. பத்து வருஷமாக அவள் வரைந்து நான் பார்க்கவில்லை. கீழே ஜப்பான் எழுத்தில் இரண்டு வரி எழுதினாள்.

"அந்த நோட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"விடும்மா. அதுல எல்லாருக்கும் கை கோணலா இருக்கும்" என்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கே?"

"அதைச் சொல்லக் கூடாது."

அவள் கட்டிய முடிச்சு தளர்வாக இருந்தது. நான் அவிழ்த்து, பூ கட்டுகிற முடிச்சாக இறுக்கிப் போட்டேன்.

கீழே இறங்கி வரும்போது வறுகடலைக் கடை ஒன்றில், 1865-லிருந்து இருக்கும் 'மாமேகென்' என்ற கடை அது, என்னவருக்கு இரண்டு பொட்டலம் வாங்கினேன். நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கோயில். ஜூபான் இனாரி. கிமி இருந்த விடுதி இந்த இடத்தில்தான் இருந்ததாம். வாசலில் கல் தவளைகள் உட்கார்ந்திருந்தன. அங்கேயும் ஒரு நிமிஷம் நின்று விட்டு ரயிலேறினோம்.

அன்று அவர்களுக்கு நிலாப் பார்க்கும் நாள். நமக்குப் புரட்டாசிப் பௌர்ணமி. கவாகுச்சியில் கடையெல்லாம் அரிசி மாவு உருண்டை அடுக்கி விற்றார்கள். நம் பால் கொழுக்கட்டை உருண்டை போல, பால் மட்டும் இல்லை. நிலாவில் ஒரு முயல் உலக்கை பிடித்து மாவு இடிக்கிறது என்பதுதான் அந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. 'உசாகி' என்றாலே முயல்தான். முழுப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் 'நிலாவின் முயல்' என்று வரும்! பசித்து வந்த கிழவருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று தீயில் குதித்த முயலை, தெய்வம் நிலாவில் வைத்தது என்ற ஜாதகக் கதை நம் நாட்டிலிருந்துதான் புத்த மதத்தோடு அங்கே போயிருக்கிறது. நாமும் சந்திரனை 'சசாங்கன்' என்கிறோமே, முயல் அடையாளம் உள்ளவன் என்றுதான் பொருள். ஆனால் எங்கள் வீட்டில் முயல் எங்கே? பாட்டி வடை சுட்டுத்தானே இவளுக்குச் சோறு ஊட்டினேன்!

பால்கனியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மேகம் விலகி விலகி நிலா தெரிந்தது. தாய்யாகி வாங்கிய காகிதப் பையைப் பிரித்து மடியில் வைத்துக் கொண்டு அவள் ஏதோ கிறுக்கினாள். எட்டிப் பார்த்தேன். முயல் மாவு இடிக்கிறது, பக்கத்தில் கொசுவம் வைத்துக் கட்டிய ஒரு பாட்டி வாணலியில் வடையைத் திருப்புகிறாள். பாட்டிக்கு மூக்கு என் மூக்கு.

அப்போது என்னவர் போன் செய்தார். "நிலாவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இங்க மணி மூணரைதான் ஆவுது. வெயில் மண்டையைப் பொளக்குது. பால்காரனே இன்னும் வரலை" என்றார்.